மீன்கொத்தி பிரித்த பங்கு

ஜூன் 2
பால்காரப் பையன் பக்கத்துத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடமே கேட்கிறான்: "அவர் மீனெல்லாம் மயிலாட்டம் இருக்கு தாத்தா. உங்களுது ஏன் சேத்துல புரண்ட மாதிரி இருக்கு?"

ஏனா? கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அப்பா விட்ட குட்டி மீன்களின் வம்சம்தான் இரண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்பு கொல்லையையும் தொட்டியையும் சுவர் வைத்துப் பிரித்தபோது, நிறமுள்ளதையெல்லாம் என் தம்பி தன் பக்கம் அள்ளிக்கொண்டான். அத்தோடு பேச்சு நின்றது. அன்று அவன் போட்டிருந்த சட்டையின் கிழிசல்கூட எனக்கு நினைவிருக்கிறது. அள்ளியதை மட்டும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமா என்ன?

பள்ளிக்கூடம் மிதிக்காதவன் நான். பெண்டாட்டி செத்த பிறகு, திட்ட ஆளில்லாமல்தான் எழுத்துக் கூட்டக் கற்று இப்படி எழுதுகிறேன்.

ஜூன் 9
தம்பி மகள் வந்தாள். கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவள். இரண்டு வீட்டிலும் கால் வைக்கிற ஒரே ஆள். மீன் கதையைச் சொல்லிப் பொருமினேன். சிரித்துவிட்டாள்.

"யாரும் அள்ளல பெரியப்பா. உங்க தொட்டி திறந்து கிடக்கு, மீன்கொத்தி வருது. பளிச்சுன்னு இருக்கறது முதல்ல மாட்டும். மங்கலா இருக்கறது தப்பிச்சுக் குட்டி போடும், அதுவும் மங்கலாத்தான் இருக்கும். அப்பா தொட்டிக்கு மேல வலை. அங்க மினுக்கற ஆணைத்தான் பொட்டை சேத்துக்குது."

"வலை எதுக்காம்? மீனைப் பொத்தி வைக்கத்தானே?"

"நான் தவழ்ந்து போய் விழுந்துடுவேன்னு கட்டினாராம். பழகிப்போய் இன்னும் கட்டறார்."

ஜூன் 10
ஒரு குருவிக்காகவா இத்தனை வருஷம்? — இல்லை, அள்ளித்தான் இருப்பான். அள்ளவில்லை என்றால் நான் எதற்கு அவனைத் திட்டினேன்?

ஜூன் 21
மழையில் தொட்டியின் நடுச்சுவர் சரிந்தது. தண்ணீர் ஒன்றாகிவிட்டது.

ஜூன் 24
அவன் ஆண் மீன்கள் வாலை விரித்து ஆடுகின்றன. என் பொட்டைகள் ஒதுங்கிப் போகின்றன. ஒரே வயிற்று வம்சம்! அடிச்சாலும் பிடிச்சாலும் அண்ணன் தம்பி என்று சொன்னவனை இந்தத் தொட்டியில்தான் தள்ள வேண்டும்.

"வேற இனமாயிடுச்சா?" என்றேன் தம்பி மகளிடம்.

"இன்னும் முழுசா ஆகல. ரொம்பக் காலம் இப்படியே பிரிஞ்சு கிடந்தா ஆயிடும். அப்புறம் சுவரை எடுத்தாலும் ஒட்டாது."

இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. "சாப்டியாண்ணே?" என்றான். "ம்" என்றேன். நாக்கு நிறைய வசவுதான் இருக்கிறது. வேறு சொல் இல்லை.

ஜூன் 27
அவன் மீன்கள் என் பக்கம் வந்து மினுக்க, மீன்கொத்திக்குக் கொண்டாட்டம். "மொத்தத் தொட்டிக்கும் சேத்து வலை கட்டிடலாமே?" என்றாள் தம்பி மகள்.

"வேணாம்."

நானும் அவனும் ஒரே வாயாகச் சொன்னோம்.

ஜூன் 30
சுவரைத் திரும்பக் கட்டத் தண்ணீரை இறைத்தோம். ஆளுக்கொரு வாளி. நிறமுள்ளதையெல்லாம் அவன் அள்ளினான். இந்த முறை கண்ணால் பார்த்தேன். 

கொத்தனாருக்கு நூல் பிடிக்க ஆள் போதவில்லை. ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான்.

"தொய்யுதுண்ணே, இழுத்துப் பிடி" என்றான்.

இழுத்துப் பிடித்தேன்.