வெட்டிச் சிறிதாக்கிய லைப்ரரி

அக்கா,

"நீங்க இல்லாட்டி இத யாரு பாத்துக்குவா?" என்று, உங்கள் நிரலை எனக்குக் காட்டிய அன்று நான் கேட்கவில்லை. மறுவாரம் அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்தவரிடம் எப்படிக் கேட்பது? "நல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் மேசையில் இப்போது வேறொருவர். இந்தத் தெப்ராவ் தொழிற்சாலையில் உங்களுடையதாக ஓடிக்கொண்டிருந்தது அந்த நிரல் ஒன்றுதான்.

போன திங்கட்கிழமை எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. லேபிள் அச்சிட நாம் வைத்திருந்த லைப்ரரியில், அதாவது அந்த ஆயத்த நிரல் தொகுப்பில், ஓட்டையாம், வெளியாள் நுழைந்துவிடலாமாம். யாரோ எழுதி உலகத்துக்கே கொடுத்த அந்தப் பெரிய மூட்டையை நமக்கென்று வெட்டிச் சிறிதாக்கியவர் நீங்கள்.

"பார்கோடும் எழுத்தும் போதும் லா. தீபாவளி நகை எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு தினமும் வேலைக்கு வருவியா?" என்றீர்கள். பேக்கிங் பகுதியின் கிழட்டுக் கணினிகள் அதன்பின் உடனே திறந்தன. "அலமாக்! என் வீட்டுக்காரர்கூட இவ்ளோ சீக்கிரம் எந்திரிக்க மாட்டாரு!" என்று அங்கே வேலை செய்த பரமேஸ் அக்கா கத்தினார். நீங்கள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தீர்கள்.

அதற்கான விலையும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. திருத்தம் வெளிவரும்போது மற்றவர்கள் அப்படியே புதிய பதிப்புக்கு மாறிவிடுவார்கள். நீங்களோ வரிவரியாகப் படித்து, நம் பிரதியில் கையால் சேர்ப்பீர்கள். "வெட்டுனவதான் தைக்கணும்" என்பீர்கள், தங்காக் ஊரின் துணிக்கடையில் வளர்ந்தவர்.

இம்முறை தைக்க நான் உட்கார்ந்தேன். திருத்தச் சொன்ன வரிகள் நம்மிடம் இல்லை. வெட்டிவிட்டீர்களா, வேறு பெயரில் வேறெங்கோ வைத்தீர்களா? எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்ற குறிப்பைத் தேடினேன். வீண் சுமையென்று அதையும் நீக்கியிருந்தீர்கள். உங்களுக்கு அது மனப்பாடம்.

"ஓட்டை நம்ம காப்பியில இருக்கா, இல்லியா?" என்றார் மேலாளர்.

"தெரியல சார்."

"தெரியாதத வச்சிருக்க முடியாதும்மா. முழுசையே போட்டுரு."

அவர் பேச்சில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போதும் ஒரு நிரலைத் திறந்தால் எதை எடுக்கலாம் என்றுதான் கண் முதலில் போகிறது. அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் கை எதையும் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை முழு லைப்ரரியை ஏற்றி, உங்கள் பிரதியை நீக்கினேன். அந்தப் பாரத்தில் பேக்கிங் கணினிகள் இரண்டு நின்றுபோயின. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பரமேஸ் அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.