சிவப்புத் துணி கட்டிய குழாய்

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அக்ஷதா தன் கணவன் வாமனுக்கு ஒரு சீட்டு எழுதினாள். எழுதும்போது கோபமோ அழுகையோ வரவில்லை. கை மட்டும் எழுதிக்கொண்டே போனது.

"சாரும் சாதமும் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோங்க. படகு ஏத்தற டிரெய்லர் பூட்டுச் சாவி ஷூ ஸ்டாண்டுல.

வெல்டர் நேத்து வந்து டிரெய்லர் பின்னாடி ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தா குழாய் வச்சுட்டுப் போனார். படகை நடுவுல விட்டா தானா நேரா ஏறும். ரொம்ப ஆழத்துக்கு டிரெய்லரை இறக்காதீங்க, படகு மிதந்து விலகிடும். இனிமே கன்னம்பாடி அணைத் தண்ணியில யாரும் நின்னு படகைப் பிடிக்க வேண்டாம்.

என் முழங்கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு. நீங்க கேக்கல, நானே சொல்றேன்."

மூடிய பேனாவை மறுபடி திறந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"ரிவர்ஸ் எடுக்கறப்போ கண்ணாடியில தெரியணும்னு குழாய் நுனியில சிவப்புத் துணி கட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை டிரெய்லர் என்னை இடிச்சப்போ, நான் நின்னதே தெரியலன்னீங்களே, அன்னிக்கு நான் போட்டிருந்த துப்பட்டாதான் அது."