முக்கால் வேகம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி. முகவரி உன் அண்ணி கொடுத்தாள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது எனக்கு எப்போதோ தெரியும். இங்கே எல்லோரும் நலம். அவளுக்கு முழங்கால் வலிதான் வந்து வந்து போகிறது.

முதலில் நல்ல சேதி. லிஃப்ட் மெக்கானிக் உரிமத் தேர்வில் பாஸாகிவிட்டேன். கணக்குத் தாளில் எழுபத்தொன்று. பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவன் நான், உனக்குத் தெரியாததா. உரிமம் இல்லாதவர்களை இனி கம்பெனியில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். தவறியிருந்தால் இருபது வருஷ வேலை போயிருக்கும்.

அதைக் காப்பாற்றிக் கொடுத்தது நீதான். இணையத்தில் நீ நடத்தும் கணக்கு வகுப்பில் 'ஸ்பேனர்' என்று ஒருத்தர் ஏழு மாதமாகச் சந்தேகம் கேட்டு உன் உயிரை வாங்கினாரே, அது நான்தான். வேலையிடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உன் கல்யாணத்துக்கு வராமல், ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்தவன் எந்த முகத்தோடு சொந்தப் பெயரைப் போடுவது?

மொட்டை மாடி மோட்டார் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், டூல் பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன். நீ பேசுகிற வேகத்துக்கு என் மண்டை ஓடாது, வீடியோவை முக்கால் வேகத்தில் வைத்துக்கொள்வேன். பின்னம் பாடத்தை மட்டும் பதினான்கு தடவை பார்த்தேன். ஒரு தடவைகூட நீ சலித்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் இரண்டாம் தடவை கேட்டாலே எருமை என்பாய்.

நடுவில் ஒரு கூத்து. விகிதப் பாடத்தில் நீ இருமிக்கொண்டே இருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற இடத்தில், "வெந்நீர் குடி. ரெண்டு நாள் தொண்டைக்கு ஓய்வு குடு" என்று எழுதிவிட்டேன். நீ பதில் போட்டாய்: "சார், அது ரெண்டு வருஷத்துக்கு முன்னால எடுத்த பாடம். இருமல் அப்பவே போயிடுச்சு. ஆனாலும் ரொம்ப நன்றி."

அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீ இருமியபோது என்ன ஏது என்று கேட்க நான் இல்லையே. வெந்நீர் வைத்துக் கொடுத்தது அவராகத்தான் இருக்கும். உன்னைக் கட்டிக்கொண்டு பட்டினி போடுவார் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அவர்தான். இத்தனை வருஷமும் என் வாயில் 'அந்த ஆள்' என்றுதான் வந்தது. நான் பேசியது தப்பு.

உனக்கு நன்றி என்று எழுதினால் யாரோ எவரோ மாதிரி இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. ரொம்ப நன்றிம்மா.

எப்போது மனசு வருகிறதோ அப்போது கூப்பிடு, நான் அவசரப்படுத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்