பாதியில் எழுந்த பாட்டு

முகத்துவாரத்து வீடு,
செப்டம்பர் 9, திங்கள்.

என் மகன் தாவேராவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கை அனிவாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சுரங்கத்துச் செம்மண் தூசிக்கு நடுவே இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். நலம் கேட்டாயிற்று, இனி கோபமாகத்தான் எழுதப்போகிறேன், தெரிந்துகொண்டு படி. நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும், எழுதவும் செய்தேன், இரண்டு தடவை எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன், முதல் காகிதம் முழுக்க உன்னைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் ஊரை. தபாலில் போட்டால் நம் குலத்து ஓட்டு முடிந்த பிறகுதான் கடல் தாண்டிப் பெர்த்துக்கு வந்து சேரும், அதனால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் பேசித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். ஏன் பேசவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அனிவாவுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன, உன் பெயரைச் சொன்னால் காற்றுத்தான் வருகிறது, அண்ணன் வருவதற்குள் முளைத்துவிடுமா என்று தினமும் கண்ணாடி முன் நிற்கிறாள். ஆற்றில் கண்ணாடிக்குஞ்சு மீன் ஏறத் தொடங்கிவிட்டது, போன வருஷம் நீ முடைந்து கொடுத்த வலையைத்தான் போடுகிறேன், முட்டையில் கலந்து பொரித்து அவளுக்குக் கொடுக்கும்போது உனக்கு அங்கே தகர டப்பாச் சாப்பாடுதானே என்று நினைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு சாப்பிடாமல் படுக்காதே. அந்தப் பெரிய லாரியில் கண் சொக்கினால் நிறுத்திவிடு, மேஸ்திரி கத்தினால் கத்தட்டும்.

இனி கோபம். பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்கார கிளெனிஸ் இருக்கிறாளே, உன் பிறந்தநாளுக்குக் கேக் செய்து அனுப்பிய அதே கிளெனிஸ், நல்லவள்தான், அவள் ஆகஸ்ட்டில் ஒருநாள் பால் மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, ஏன் ஹினேவை, ஒப்பந்தம் போட்டு நூத்தி எண்பது வருஷம் ஆச்சே, வெள்ளைக்காரங்க நாங்க இன்னும் எத்தனை தடவைதான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறது என்றாள். ஒரு தடவை கேட்டாப் போதும், கேட்டுட்டு எடுத்ததைக் கீழ வச்சுட்டுப் போகணும் என்றேன். அதான் மலையைத் திருப்பித் தர்றாங்களே, பேப்பர்ல போட்டிருக்கே என்றாள். கிளெனிஸ், உன் காரை நான் தூக்கிட்டுப் போயிடறேன், நூத்தம்பது வருஷம் ஓட்டறேன், அப்புறம் ஒரு வாரத்துக்கு உன்கிட்ட சாவியைத் தர்றேன், எட்டாம் நாள் நீயே ரிப்பன் கட்டி எனக்குப் பரிசாக் கொடுத்துடணும், சிரிச்சுக்கிட்டே கொடுக்கணும், சரியா என்றேன். அவள் சிரித்தாள், பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீயாவது அரசு நீட்டிய, நாம் ஓட்டுப் போட வேண்டிய அந்தத் தீர்வுப் பத்திரத்தை முழுசாகப் படித்தாயா, இல்லை படம் போட்ட சுருக்கத்தோடு விட்டுவிட்டாயா. படைகொண்டு வந்து பிடுங்கிய மலையை நம் குலத்தின் பெயருக்கு மாற்றுவார்களாம், ஏழே நாள், எட்டாம் நாள் நாமே மனமுவந்து அதை நாட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிடுவோமாம். முகத்துவாரத்தில் கொஞ்சம் நிலம், கொஞ்சம் பணம், பிரதமர் கையெழுத்திட்ட மன்னிப்பு, அதற்குப் பதிலாக நீயும் உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் இதைப் பற்றி இனி ஒருபோதும் எந்த மன்றத்திலும் வாய் திறக்கக் கூடாது. அதைவிட எனக்கு எரிவது வானொலியில் காலை முழுக்க நடக்கும் பேச்சு. நம் குலத்தலைவர்களும் வெள்ளைக்கார அரசியும் போட்ட 1840 ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நாடே ஓட்டுப் போட்டு முடிவுசெய்யட்டுமாம். இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. ஒருத்தர் மட்டும் தன் சொந்தபந்தத்தை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கையைத் தூக்கச் சொல்லி அதை மாற்றலாம் என்றால் எதற்காக அன்றைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். தங்கள் ஆட்களை வெள்ளைக்காரர்கள் அடக்கி ஆள நம் முன்னோர் இடம் கொடுத்தார்கள், நம்மை ஆளும் உரிமையை ஒருநாளும் எழுதிக் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் நாட்டைப் பிரிக்கிறோமாம்.

இப்படி நான் கொதித்துக்கொண்டிருந்த வியாழக்கிழமையில்தான் நீ போன் செய்தாய். அம்மா, எனக்குக் களைப்பா இருக்கு, இங்க பசங்க எல்லாம் உனக்கு என்னப்பா மலையே வருதுன்னு கிண்டல் பண்றாங்க, போதும்மா, வாங்கிக்கிட்டு முடிச்சிடலாம், ஏன்னா என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் போனை வைத்துவிட்டேன். நீ திரும்ப அடித்தாய், நான் எடுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, அரசு அதிகாரிகள் நம் குலம் கூடும் மராயேவுக்கு வந்தார்கள். பத்திரத்தைப் பற்றி நம் வாயால் கேட்க வந்திருக்கிறோம் என்றார்கள். வாசலில் அழைத்து, முன்றிலில் எதிரெதிரே உட்காரவைத்து, நம் பக்கத்துப் பேச்சு தொடங்கியது. முதலில் எழுந்தவர் பராதேனே மாமா. அவர் என் அம்மாவின் தம்பி, நீ தாத்தா என்று சொன்னால் தாத்தா ஆகற வயசாடா எனக்கு என்பாரே, அவரேதான். அவர் எப்படிப் பேசுவார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதிராளியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார், பிறகு நிதானமாக ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றுவார். மணல் அள்ள வந்த கம்பெனிக்காரர்களை இருபது நிமிஷம் புகழ்ந்து, அவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவர்களை வந்த வழியே அனுப்பியவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு எட்டு முன்னே வந்தார். நாங்க களைச்சுப் போயிட்டோம் என்று ஆரம்பித்தார். என் பாட்டன் கேட்டுக் களைச்சான், என் அப்பன் கேட்டுக் களைச்சான், ஏழு நாளாவது தர்றீங்களே, ஏழு நாள்ல மனுஷன் எவ்வளவோ பண்ணலாம், வாங்கிக்கிட்டு முடிச்சிடலாம்னு என் வீட்டுப் பிள்ளைகளே சொல்லுது என்றார். உன் குரலே அவர் வாயில் வந்த மாதிரி இருந்தது.

நம் வீட்டு ஆண் பேசி முடித்ததும் பெண்கள் எழுந்து அவன் பக்கம் நின்று பாடினால்தான் அந்தப் பேச்சுக்குக் கால் உண்டு, இது நீ நடை பழகும் முன்பே பார்த்தது. பேச்சு தடம் மாறினால் நடுவிலேயே எழுந்து பாடி அவனை உட்காரவைக்கும் உரிமையும் பெண்களுக்கு உண்டு, அதை நீ பார்த்திருக்க மாட்டாய், நானே என் முப்பத்தேழு வயதில் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் எழுந்து பாடினேன், தாவேரா. ஒருத்தி எழுந்துவிட்டால் மற்றவர்கள் அவளைத் தனியாக விட முடியாது, பின்வரிசையிலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள், அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. மாமா தடியைத் தூக்கிய கையோடு நின்றார். பாட்டு முடியும்வரை அப்படியே நின்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மறுபடி எழ வழியில்லை, அதுவும் முறைதான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா. வந்தவர்களுக்குப் பாட்டு எப்போது எழுந்தது என்பது புரியவில்லை. மொழிபெயர்த்தவன் காதில் சொன்ன வரை அவர்களுக்குக் கேட்டது களைச்சுப் போயிட்டோம், வாங்கிக்கிட்டு முடிச்சிடலாம் என்பது மட்டும். அதற்குமேல் பெண்கள் எழுந்து பாடியது அவர்கள் கணக்கில் ஆமோதிப்பு. தலைமை அதிகாரி எழுந்து, பெரியவருடைய தாராள மனசுக்கும் அதுக்குத் துணையா வந்த அருமையான பாட்டுக்கும் நன்றி என்றார், முகம் மலர்ந்து சொன்னார், என்னைப் பார்த்துத் தலை வணங்கினார். புதன்கிழமைப் பத்திரிகையில் மாமாவின் படம், தடியைத் தூக்கியபடி, கீழே, மலையை நாட்டுக்குத் தர மூத்தவர் இசைவு என்று. கிளெனிஸ் அதைக் கத்தரித்து என் மேசையில் வைத்திருந்தாள், சமாதானமாகத்தான் வைத்திருந்தாள், பாத்தியா, உங்க பெரியவரே எவ்வளவு பெருந்தன்மையாப் பேசியிருக்காரு என்றாள். யாரைத் திட்டுவது. பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், நடுவில் எழுந்த பாட்டு என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன், இடமில்லை என்று பதில் வந்தது.

பேச்சு நடந்த அந்தச் சனிக்கிழமையே மாமாவைத் தேடிப் போனேன். உள்ளே எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் சமையல்கட்டுப் பின்பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். மாமா, தப்புப் பண்ணிட்டேன் என்றேன். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது அடியில சுருதி எறங்கிடுச்சு என்றார். மீதியை இப்ப உள்ள வந்து சொல்லுங்க, டீ குடிக்கிற இடத்துல யாரு வேணாலும் பேசலாமே என்றேன். உக்கார வச்சவங்க சொன்னா எழுந்திருக்க நான் என்ன பொம்மையா என்றார், இன்னொரு கிழங்கை எடுத்தார். நான் போகாமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், என்னை யாருன்னு நெனச்சுப் பாடுனே?

அதற்குப் பதில் நீதான், தாவேரா. பதினேழு வயதில் உன்னைப் பெற்றேன், தள்ளுவண்டியில் உன்னை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன், நீ அழுதால் வகுப்பு நின்றுவிடும் என்று உன் வாயில் எதையாவது திணித்துத்தான் பட்டம் வாங்கினேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. நீ ஏன்னா என்று ஆரம்பித்தாய். என்ன காரணம் சொல்ல வந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவின் மீதிப் பேச்சும் தெரியாது. ஒரே வாரத்தில் இரண்டு பேரை வாயடைத்துவிட்டு, நம் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இதனால் என் கோபம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே. அந்தப் பத்திரத்துக்கான ஓட்டில் நான் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறேன், ஏழு நாள் மலை எனக்கு வேண்டாம், என் பேரப்பிள்ளைகள் வாயை விற்றுவிட்டு எனக்கு ஒரு மன்னிப்பும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை நம் குலத்தார் மட்டும் கூடுகிறோம். மாமாவைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முன்னே வந்து உட்கார்ந்து கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், உன் வாயில கிழங்கை வச்சுட்டு உக்காருவியா என்றார், வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

ஓட்டுப் போட உன் வெள்ளை உறையில் ஒரு எண் வந்திருக்கும், அதைத் தொலைத்துவிடாதே, மாதக் கடைசி வெள்ளி மாலை ஐந்துக்கு ஓட்டு மூடுகிறது, உனக்கு அப்போது பகல் ஒரு மணிதான் ஆகியிருக்கும், இன்னும் நேரம் இருக்கிறது என்று வேலைக்குப் போய்விடாதே. போடாமல் மட்டும் இருக்காதே, போடாதவர்களை எல்லாம் அவர்கள் தங்கள் பக்கத்து ஆளாக எடுத்துக்கொள்வார்கள். குளிர்ச் சட்டை அனுப்பியிருக்கிறேன், பாலைவனத்து இரவு குளிரும். கிண்டல் செய்கிறவர்களோடு கைகலப்பு வேண்டாம்.

அன்றைக்கு நீ சொல்ல வந்ததை முழுக்கப் பேசிப் பதிவு செய்து அனுப்பு. ஏன்னா என்பதிலிருந்து ஆரம்பி. போனை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கேட்பேன், அதில் என்னால் குறுக்கே எழ முடியாது, அதற்காகத்தான் கேட்கிறேன். நீ முடித்த பிறகு, கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று முடித்திருந்தாலும், இந்தச் சமையலறையிலேயே எழுந்து நின்று உனக்காகப் பாடுவேன், அனிவாவும் பல்லில்லாத வாயோடு நிற்பாள். கோபத்தோடுதான் பாடுவேன். ஆனால் முடித்த பிறகு பாடுவேன்.

நம் மலையும் ஆறும் எங்கே போனாலும் உன் முதுகுப் பக்கம் நிற்கட்டும்.

உன் அம்மா,
ஹினேவை