பட்டினி போடாத வாரம்

மார்ச் 3
இதழ் ஏற்றுக்கொண்ட தன் ஆய்வுக் கட்டுரையை அச்சுக்குப் போகுமுன், வக்கீலான என்னைப் பத்திரம் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்க்கச் சொன்னாள் மனைவி. கடற்பாறையில் ஒட்டி வாழும், பை போன்ற ஓர் உயிரி. முதுகெலும்புள்ள நமக்கெல்லாம் தூரத்துப் பங்காளி. சர்க்கரையை எரிக்கும் ஒரு நொதிக்கு அதனிடம் இரண்டு மரபணுக்கள் உள்ளன என்பது அவள் கண்டுபிடிப்பு. முதுகெலும்பு தோன்றுமுன்பே அந்த மரபணு ஒன்று இரண்டாகியிருக்க வேண்டும் என்பது வாதம். கட்டுரை வந்தால் அவள் ஆய்வுக்கூடம் நீடிக்கும். இல்லையேல் ஜூனில் மூடப்படும். துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னது, எழுத்தில் இல்லை.

மார்ச் 5
ஓர் ஐயம் கேட்டேன். இரண்டாவது மரபணு அந்த உயிரியுடையதுதான் என்பதற்கு என்ன சான்று? அது தின்ற பாசியுடையதாக இருக்கக் கூடாதா?
"என் பூச்சியையும் கூண்டுல ஏத்திட்டீங்களா?" என்று சிரித்தாள். "பட்டினி போட்டு, வயிறு காலியான பிறகுதான் அறுப்போம். இதுகூடவா தெரியாது எங்களுக்கு?"
இரவு சாப்பிடும்போது அவள் கை பாதியில் நின்றது.
"அந்த வாரம் போடலைங்க."
தொட்டியில் உயிரிகள் வரிசையாகச் செத்த வாரம். மிஞ்சியவற்றையாவது காப்பாற்ற, அறுக்கும்வரை பாசி ஊட்டியிருக்கிறாள்.

மார்ச் 6
விடியுமுன்பே ஆய்வுக்கூடம் போய்விட்டாள்.

மார்ச் 9
சில உயிரிகளைப் பட்டினி போட்டுச் சோதனையை மறுபடி தொடங்கியிருக்கிறாள். நான் கேட்காவிட்டால் என்றேனும் வேறொருவர் கேட்டிருப்பார். இது வாதம், ஆறுதல் அன்று. சே, வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே—

மார்ச் 20
முடிவு வந்தது. பட்டினி கிடந்தவற்றில் ஒரே மரபணு. மற்றது பாசியுடையது.
"வளர்த்த கடா மார்ல பாயும்பாங்க. இதுக்குக் கொம்புகூட இல்லைங்க" என்றாள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை.
"சொல்லாம விட்டா?" என்று கேட்டது நான். சட்டம் படித்த நான்!
"நீங்களா கேக்கறீங்க?" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 22
கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். 'தவிர்க்க இயலாத சூழலில் நேர்ந்த பிழை' என்பது என் வாசகம். 'பிழை' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அடித்தாள்.

ஜூன் 14
ஆய்வுக்கூடத்தைக் காலி செய்தாயிற்று. கண்ணாடித் தொட்டியை யாரும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இடமில்லாததால் பால்கனியில் இருக்கிறது. இன்று அதைக் கழுவித் துடைத்து, துணி காயப்போடும் கவ்விகளை அதில் கொட்டி வைத்தாள். பிறகு வெகுநேரம் அதன் முன்னே உட்கார்ந்திருந்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.