செங்கடலில் பக்க வழி

புதுச்சேரி, 1957 சித்திரை
சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் சவுரியம்மாள் தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

பயப்படாதீர்கள், கோயிலில் சின்ன வாக்குவாதம்தான் நடந்தது. பூசைக்கு முன்னால் உபதேசியார், "செங்கடல்தான் நம்ம ஞானஸ்நானம். எகிப்துல இருந்து தப்பிச்சு, பிளந்த கடலைக் கடந்த அடிமைங்க எல்லாம் ஒரே சனமாயிட்டாங்க" என்று விளக்கினார். மணி அடித்ததும் நடு வாசலுக்குப் போனேன்.

"சேரி சனத்துக்குப் பக்க வாசல்" என்று அவரே மறித்தார்.

நான் நகரவில்லை. "செங்கடல்ல பக்க வழி இருந்துச்சா உபதேசியாரே?" என்று கேட்டேன்.

"வேலைக்காரிக்கு வாயப் பாரு!" என்றார்.

ஒரே ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாசலா அம்மா?

வீட்டு எசமானி மதாம் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உங்கள் கல்யாணச் சேலையைக் கொடுத்தனுப்புங்கள். வெளுக்க வேண்டாம், உங்கள் வாசனை இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு நடு வாசலில் நான் தனியாகத்தான் நுழைய வேண்டும்.

சவுரியம்மாள்