எட்டாவது இறகு

மார்ச் 3

ஆந்தையை இன்று முடித்துவிட்டோம். இருநூற்றைம்பது வெள்ளிப் பதக்கம், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண். ஒரு மாயாஜாலக் கார்டு விளையாட்டுக் கம்பெனி கேட்ட வேலை. கார்டுகளைச் சேர்த்து, மாற்றிக்கொண்டு ஆடுவார்கள். அதில் யார் கைக்கும் லேசில் கிடைக்காத கார்டு இந்த ‘எரி ஆந்தை’யாம். அதைப் பார்த்துத்தான் மெழுகில் செதுக்கினேன். அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, ஒவ்வொரு பதக்கத்துக்கும் அந்த அச்சில் மெழுகு ஊற்றி, பிறகு வெள்ளியில் வார்ப்போம்.

இனி ஒன்றுகூட வராது என்று வாங்கியவர்கள் நம்ப வேண்டும். அதனால் கடைசிப் பதக்கம் முடிந்ததும் ரப்பர் அச்சை அவர்கள் கண்முன்னே வெட்டிப்போட வேண்டும் என்று கம்பெனியோடு பேச்சு. நேரலையில் நாலாயிரம் பேர் பார்த்தார்களாம், ஒரு ரப்பர் துண்டு சாவதை! அச்சைத் திறந்து கேமராவிடம் காட்டிவிட்டுப் பதினாறு துண்டாக வெட்டினேன். அண்ணன், “நீ கசாப்புக் கடை வச்சிருக்கலாம்” என்றான். அடுத்த வரிசையும் நமக்குத்தான் என்று கம்பெனி மேடம் சொல்லிவிட்டார். பட்டறை இன்னும் இரண்டு வருஷம் மூச்சு விடும்.

மார்ச் 9

கீழ் இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆந்தை அச்சு.

முதலில் செய்து பார்த்த சோதனை அச்சுதானே என்று திறந்தேன். சோதனையில் இடது இறக்கைக்கு ஏழு இறகு. கம்பெனி கேட்டதால் பிறகு ஒன்று சேர்த்து எட்டாக்கினேன். இதில் எட்டு இருக்கிறது.

அப்படியென்றால் நான் வெட்டியது?

இரண்டும் ஒரே ரப்பர், ஒரே அளவு. பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைப்பேன். மெழுகு ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவித் தூவி அந்த எழுத்து அழிந்துபோகும். மறுபடி எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நினைப்பதோடு சரி.

யாரிடமும் சொல்லவில்லை. அச்சை அங்கேயே வைத்து, மேலே ஒரு பழைய துணியைப் போட்டு மூடினேன். ஏன் மூடினேன்? நான் என்ன திருடியா?

மார்ச் 10

மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

மார்ச் 11

சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாளைக்கு யாராவது வீடியோவை நிறுத்திப் பார்த்து ஏழு என்று கண்டுபிடித்துவிட்டால், நிஜ அச்சு எங்கே என்பார்கள். ‘அதையும் வெட்டிட்டேன்’ என்றால் எவன் நம்புவான்? வெட்டினாலும் பயம், வைத்திருந்தாலும் பயம்.

அண்ணனிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், “டீ குடிச்சியா?” என்றுதான் வந்தது. கடைசித் தடவை என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மார்ச் 12

அச்சைக் காணோம்.

துணி இருக்கிறது, மடித்தபடி. அச்சு இல்லை. எல்லா இழுப்பறையையும் கவிழ்த்துவிட்டேன். “என்னம்மா தேடுற?” என்று பாலிஷ் அக்கா கேட்டார். ஊசி என்றேன். “ஊசிக்கா இப்படி வேர்க்குது?”

பட்டறையில் மொத்தமே மூன்று பேர். பாலிஷ் அக்கா என் இழுப்பறைப் பக்கமே வரமாட்டார். அப்போ — இல்லை. எழுத மாட்டேன்.

மார்ச் 14

எழுதிவிடுகிறேன். அண்ணன்தான் எடுத்திருக்கிறான்.

வார்ப்பு வேலை அவனுடையது. அச்சு கையில் இருந்தால் அவனுக்கு ஒரே நாள் போதும். இருநூற்றைம்பத்தொன்றாவது ஆந்தை வெளியே வந்துவிட்டால் வாங்கிய அத்தனை பேரும் ஏமாந்தவர்கள். வீடியோவில் இருப்பது என் முகம். பட்டறையின் பேர் போச்சு, அதோடு எல்லாம் போச்சு.

காலையில் அவனுக்கு முன்னால் போய் உலையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருக்கிறதா என்று. சில்லென்றுதான் இருந்தது. கூடப் பிறந்தவனை வேவு பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக்கும் தொட்டுப் பார்ப்பேன்.

அவனும் சரியாக இல்லை. வெள்ளியை எப்போதும் நான்தான் நிறுத்து வைப்பேன். இன்று அவனே நிறுத்தான், அதுவும் இரண்டு தடவை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

மார்ச் 15

வந்தேவிட்டது.

வாங்கியவர்களின் குழுவில் ஒருவர், பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வீடியோவை நிறுத்திப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். “என் ஆந்தைக்கு இடது இறக்கையில எட்டு இறகு. வெட்டின அச்சுல ஏழு. ஏன்?” அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேடம் போன் செய்தார். “நாளன்னைக்குள்ள ஒரு பதில் குடுத்துடுங்க. கேமரா கோணம், அது இதுன்னு ஏதாவது இருந்தாலும் சரி.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 16

பாலிஷ் அக்கா சாப்பிடக் கிளம்பியதும் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். “அச்சை எடுத்தியா?”

தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தான். டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். நாலு நாளாக வீட்டுக்கும் பட்டறைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

“இதுல வார்த்தியா?”

“நானா?” அவன் முகம் சுருங்கிப்போனது. “துணி போட்டு மூடி வச்சது நீ. எனக்குத் தெரியாம நாலு பீஸ் போட்டு விக்கப் போறியோன்னு எடுத்து ஒளிச்சேன். உன்கிட்ட கேக்கவும் பயம். ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?”

“என்னைப் போய் அப்படி நெனச்சியா?”

“நீ என்னை நெனைக்கலையா?”

உலையைத் தொட்டுப் பார்த்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

கோணம் என்றே சொல்லிவிடலாமா என்று கேட்டான். எனக்கும் ஆசைதான், பொய் அவ்வளவு வாகாக இருந்தது. ஆனால் பூதக்கண்ணாடி நாளைக்கு இன்னொரு கேள்வி கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. “என் தப்புண்ணா. நானே சொல்லிடுறேன்.”

மார்ச் 17

நேரலை. இந்தத் தடவை ஒன்பதாயிரம் பேர். தப்பு நடந்தால்தான் கூட்டம் சேரும் போல.

“தப்பான அச்சை வெட்டிட்டேன். எட்டு நாளா எனக்குத் தெரியும். பயத்துல சொல்லல.” இறகுகளைத் தொட்டு எண்ணிக் காட்டிவிட்டு வெட்டினேன். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன.

“நடுவுல எத்தனை வார்த்தீங்க?” என்று யாரோ கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அதற்குச் சாட்சி கிடையாது. அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

மார்ச் 18

தூங்கினேன்.

ஏப்ரல் 6

நாற்பத்தோரு ஆந்தை திரும்பி வந்துவிட்டது. பூதக்கண்ணாடி அவருடையதை வைத்துக்கொண்டார். அடுத்த வரிசையைக் கம்பெனி வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது. மேடம் மரியாதையாகத்தான் சொன்னார். கொக்கி, பொத்தான் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருக்கிறோம். இனி வெளியிலிருந்து வந்து பயமுறுத்த எதுவும் மிச்சமில்லை.

அண்ணன் பழையபடி கிண்டல் செய்கிறான். ஆனால் பட்டறையில் என் அறைக்கு வரும்போது இப்போதெல்லாம் கதவைத் தட்டுகிறான். பட்டறை ஆரம்பித்த பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. முன்பெல்லாம் வெளியிலேயே பேச்சை ஆரம்பித்து உள்ளே வந்து முடிப்பான்.

இன்று காலையில், “தட்டாம வாயேன்ணா” என்றேன்.

“சரி” என்றான்.

மத்தியானம் தட்டினான்.